ஆதம்பாவா முடிந்துபோன நாள்

போன மாதம் மருமகன் என்னைச் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள கடை. மேசையில் வைத்த அட்டையில் ஒவ்வொரு கறிக்குப் பக்கத்திலும் ஒரு விவசாயியின் படம் போட்டிருந்தார்கள். வெண்டிக்காய்க்குப் பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்தவர், பூசணிக்காயை யாரோ களவெடுத்துவிட்டதுபோல முறைத்துக்கொண்டிருந்தார். தின்கிறவருக்கு விளைவித்தவரைத் தெரிய வேண்டும், இது எங்களுடைய புது யோசனை என்று கடை நடத்தும் பொடியன்மார் சொன்னார்கள்.

நான் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கறி தீர்ந்துபோனால் என்ன சொல்லுவீர்கள் என்று. 'முடிஞ்சிட்டு' என்றுதான் சொல்லுவோம், வேறென்ன சொல்ல என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறிவிட்டது. மருமகன் முதுகில் தட்டினார். ஏன் சிரித்தேன் என்று அவர்கள் விடாமல் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த உதுமாலெவ்வை முதலாளியின் ஹோட்டலில் வேலை பார்த்தவன். ஹோட்டல் என்றால் படுக்கிற இடமல்ல. சோறும் புரோட்டாவும் தேத்தண்ணியும் விற்கிற கடை. பள்ளிக்கூடத்தை விட்டதும் அங்கே சேர்ந்தேன். முதலில் பீங்கான் கழுவினேன். பிறகு மேசை துடைத்தேன். பிறகு தண்ணீர் வைத்தேன். கறி வைக்கும் உரிமை கிடைக்கும்போது எனக்கு மீசை முளைத்துவிட்டது. பழகின காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அதிகமாகக் கழுவினேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. காசு மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க முதுகு நிமிர்த்தி இருப்பார். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை 'டேய் சாலி' என்றும், என்னோடு வேலை பார்த்தவனை 'டேய் பாறூக்' என்றும் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்துவிட்டால் மரியாதை வந்துவிடும். ஒருநாள் பாறூக்கைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் இஞ்ச வரேலுமா" என்று கேட்டார். பாறூக் பின்கதவால் ஓடி அடுத்த நாள்தான் திரும்பி வந்தான்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எது போனாலும் 'இன்னாலில்லாஹி' என்பார். யாராவது மௌத்தானால், அதாவது இறந்துபோனால், சொல்கிற வார்த்தை அது. அவருக்கோ மௌத்துக்கு மட்டுமல்ல. கண்ணாடிக் கிளாஸ் உடைந்தாலும் இன்னாலில்லாஹி, மின்சாரம் போனாலும் இன்னாலில்லாஹி, மீன் கறி தீர்ந்தாலும் இன்னாலில்லாஹி. எங்கள் காதுக்கு அது பழகிப்போயிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின நேரம். எதிர்ப்பக்கத்து ஹோட்டல்காரர் பெரியதொரு கசெட் றேடியோ வாங்கி வாசலில் வைத்தார். காலையிலிருந்து பாட்டு. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வீதியைக் கடந்து பாட்டோடு சாப்பிடப் போனார்கள். நாங்களும் ஒன்று வாங்குவோம் என்று பாறூக் சொன்னான். பாட்டைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டால் எதைத் தின்றோம் என்று வயிற்றுக்குத் தெரியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதே கிழமையில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கத்தரிக்காய்ப் பிரட்டலைத் தொட்டுப் பார்த்து, இது எந்த லொறியில் வந்த கத்தரிக்காய் என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அப்போது லொறி மரக்கறிதான் எங்கும் வந்துகொண்டிருந்தது. ஆனால் முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கத்தரிக்காய் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு நிந்தவூரிலிருந்து ஆதம்பாவா என்பவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது. 

அடுத்த நாள் விடிய எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"இன்டையில இருந்து இந்தக் கடையில கத்தரிக்காய் எண்டு ஒண்டு இல்ல. ஆதம்பாவாட கத்தரிக்காய்தான் இரிக்கி. விளங்கினதா?"

எங்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்றோம்.

பிறகு விபரமாகச் சொன்னார். மேசைக்குப் போனதும் முதலில் சோறு வைக்க வேண்டும். பிறகு ஊர், பேர், மரக்கறி என்ற ஒழுங்கில் கறிகளைச் சொல்ல வேண்டும். வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது. சாப்பிடுகிறவரின் வாய் நிறைந்திருக்கும்போது சொல்லக் கூடாது, அவருக்குக் கேள்வி கேட்க முடியாமல் போகும். விவசாயி சுகமாக இருக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் விடிய மரக்கறி எடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் சுகம் விசாரித்து வைக்க வேண்டும். "தெரியாது எண்ட சொல்லு என்ட கடையில கேக்கப்படா" என்று முடித்தார்.

அப்படித்தான் நான், 'நிந்தவூர் ஆதம்பாவா கத்தரிக்காய், சம்மாந்துறை மீராலெவ்வை புடலங்காய், பாண்டிருப்பு பூமணி அக்கா கீரை' என்று ஒரே மூச்சில் ஓதத் தொடங்கினேன். ஆதம்பாவாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்பதும், மீராலெவ்வையின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதும் கல்முனைக்கு வந்துபோகும் அரைவாசிப் பேருக்குத் தெரிந்துபோனது. சோறு தின்ன வந்த ஒருவர் புடலங்காய்க்கு இரண்டாம் தரம் கேட்டுவிட்டு, தன்னுடைய தம்பிக்கு அந்தப் பிள்ளையைக் கேட்டால் என்ன என்று யோசித்தார். அது சரிவரவில்லை. ஆனால் அவர் தொடர்ந்து வந்தார்.

நாங்கள் எதிர்பாராதது என்னவென்றால், வாடிக்கைக்காரர்கள் பேரைச் சுருக்கிவிட்டார்கள். அவசரத்தில் சாப்பிடுகிற மனிதன் 'நிந்தவூர் ஆதம்பாவாவின் கத்தரிக்காய்' என்று சொல்லிக்கொண்டிருப்பானா? 'ஆதம்பாவா வைங்க' என்றார்கள். 'மீராலெவ்வையில இன்டைக்கு உப்பில்ல' என்றார்கள். 'ஆதம்பாவா ரெண்டு பார்சல்' என்றார்கள். பூமணி அக்காவின் கீரையை ஒருவர் அப்படிப் பெயர் சொல்லி உரத்துக் கேட்ட அன்று, அவ கீரைக் கடகத்தோடு வாசலில் நின்றா. உள்ளே வந்து, கேட்டவரின் மேசைக்கு முன்னால் நின்று, "என்ன தம்பி, கூப்பிட்டியளாம்?" என்று கேட்டா. அந்த மனிதர் அதற்குப் பிறகு கீரையே தின்னவில்லை. முதலாளி உடனே ஒரு விதி போட்டார். பெண்களின் பேரைச் சொல்வதில்லை. அதிலிருந்து கீரை, 'பாண்டிருப்பு' என்று மட்டும் வழங்கியது.

அடுத்ததாக, சனிக்கிழமை பகலில் விவசாயிகளில் ஒருவருக்கு வாசலோர மேசையில் சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்தார் முதலாளி. சாப்பிடுகிறவர்கள் ஆளையும் காண வேண்டுமாம். முதல் சனிக்கிழமை ஆதம்பாவா வந்தார். நெடுத்த ஆள், வெயிலில் கறுத்த முகம். கதை குறைவு, பார்வை அதிகம். தன்னுடைய சோற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கையைக் கழுவி, மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கந்தோர்க் கிளாக்கர், கத்தரிக்காயைப் பீங்கானின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். ஆதம்பாவா எழும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்றார்.

"அது உங்களுக்கு என்ன செஞ்ச, தம்பி?"

கத்தரிக்காய் தின்றால் தனக்கு உடம்பு கடிக்கும் என்று கிளாக்கர் மெதுவாகச் சொன்னார்.

"என்ட கத்தரிக்காய் கடிக்காது. திண்டு பாருங்க. நான் நிக்கிறன்."

கிளாக்கர் தின்றார். ஆதம்பாவா நின்றார். தின்று முடிந்த பிறகும் நின்றார். கிளாக்கருக்குக் கடித்ததோ இல்லையோ, அந்த ஆள் நிற்கும்போது சொறியத் துணியவில்லை. அரைமணித்தியாலம் கழித்து ஆதம்பாவா, "கடிக்கல்லயே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அந்தக் கிளாக்கர் மாற்றலாகிப் போகும்வரைக்கும் எங்கள் கடையில் கத்தரிக்காய் தின்றார். பயத்திலா ருசியிலா என்று நான் கேட்கவில்லை.

கசெட் றேடியோவுக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். எங்களிடம் பாட்டு இல்லை. ஆனால் எப்போது போனாலும் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

அன்று சந்தைச் சனம் கூடுதல். பகல் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். ஆதம்பாவா விடியற்காலையில் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு, இன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் முறை, நேராக வயலுக்குத்தான் போகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். பகல் லுஹர் பாங்கு சொன்ன கையோடு கத்தரிக்காய்ச் சட்டி காலியானது. ஒரு கறி தீர்ந்தால், காசு மேசைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குசினி வாசலில் நின்று நான் சொன்னேன்.

"ஆதம்பாவா முடிஞ்சிட்டு."

காசு மேசையிலிருந்து முதலாளி, வழமைபோல, "இன்னாலில்லாஹி" என்றார்.

அப்போதுதான் வாசலில் கால் வைத்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் நிந்தவூர்த் தையல்காரர் என்றும், நூல் வாங்கக் கல்முனைக்கு வந்தவர் என்றும், எங்கள் கடைக்கு அதுதான் முதல் வருகை என்றும் பிறகுதான் எனக்குத் தெரியும். அவர் என் கையைப் பிடித்து, எந்த ஆதம்பாவா என்று கேட்டார்.

"நிந்தவூர் ஆதம்பாவாதான்" என்றேன். என் மற்றக் கையில் மூன்று பீங்கான்.

"எப்ப?"

"இப்பதான்."

"நல்லாத்தானே இருந்தாரு. எப்பிடித் தம்பி?"

"சனம் கூடிப்போச்சு காக்கா. தாங்கல்ல."

அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. எங்கள் கத்தரிக்காயில் இவ்வளவு பிரியமா என்று எனக்கு உள்ளுக்குப் பெருமையாக இருந்தது. மீராலெவ்வை இருக்கிறார், வைக்கட்டுமா என்று ஆறுதலாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே பஸ்ஸுக்கு ஓடினார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து நாங்கள் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது, கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். எல்லோருடைய தலையிலும் தொப்பி, முகத்தில் துக்கம். அவர்களில் வயதானவர் என்னிடம் வந்து தணிந்த குரலில், ஆதம்பாவாவை எடுக்க வந்தோம் என்றார்.

"முடிஞ்சிட்டே காக்கா" என்றேன்.

"அது தெரியும் மகன். எடுத்துட்டுப் போகத்தான் வந்த."

"இப்ப ஒண்டும் இல்லயே. இனி நாளைக்கு விடியத்தான்."

"நாளைக்கா? இன்டைக்கு அசர் தொழுகைக்குள்ள அடக்கணும். கபுறும் வெட்டியாச்சு."

கபுறு என்றால் புதைகுழி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. முதலாளி எழும்பி வந்து, யாருடைய கபுறு என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள். அவர் ஒருமுறை அவர்களைப் பார்த்தார், ஒருமுறை காலிச் சட்டியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாலி, நீங்க தயவு செஞ்சி இந்த வேன்ல ஏறுங்க."

கடையின் பின்கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் முதலாளி எனக்குப் பின்னாலேயே வந்து, தானும் வேனில் ஏறினார்.

வேன் காரைதீவைத் தாண்டியது. கத்தரிக்காய்தான் முடிந்தது, மனிதன் முடியவில்லை என்று முதலாளி அந்த நான்கு பேருக்கும் விளங்கப்படுத்தியாகிவிட்டது. அவர்களுக்குச் சந்தோசப்படுவதா, வெட்டின கபுறை என்ன செய்வது என்று கவலைப்படுவதா என்று தெரியவில்லை. வயதானவர் மட்டும், அப்படியென்றால் ஆதம்பாவா எங்கே என்று கேட்டார். வயலில் என்று நான் சொன்னேன். நீர் பேசாமல் இரும் என்றார்.

வீடும் கத்தரித் தோட்டமும் சேர்ந்த ஆதம்பாவாவின் வளவு நிறைய ஆட்கள். பள்ளிவாசலிலிருந்து மையத்தைத் தூக்கும் சந்தூக்கு வந்து வேலியோரம் சாத்தியிருந்தது. இதற்கிடையில் அங்கே நடந்ததைப் பிறகு பலபேர் சொன்னார்கள். ஆதம்பாவாவின் மனைவி கதீசா ராத்தா ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லையாம். விடியக் கஞ்சி குடித்துவிட்டுப் போன மனிதன் என்னிடம் சொல்லாமல் மௌத்தாகமாட்டார், அவர் வயலில் நிற்கிறார், யாராவது போய்ப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறா. பாவம், அதிர்ச்சியில் கதைக்கிறா என்று பெண்கள் தலையைத் தடவித் தண்ணீர் பருக்கினார்களாம். அவ சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் அதிகமாக அழுதார்களாம். கடைசியில், வாங்க எல்லாரும் தேத்தண்ணி குடிங்க, அந்த மனிசன் வந்து உங்களை ஏசட்டும் என்று அவ அடுப்பு மூட்டப் போய்விட்டா.

வேன் நின்றதும் பெரிய அழுகைச் சத்தம் எழுந்தது. உள்ளே மையத்து இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் இறங்குவதற்குள் ஒரு பருத்த மனிதர் ஓடிவந்து பின்கதவைப் பிடித்துக்கொண்டார். கதவு அரைவாசிதான் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அவர் கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்" என்று குழறினார்.

அவர்தான் இஸ்மாலெவ்வை. கதீசா ராத்தாவின் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். ஆதம்பாவாவின் வளவுக்கு அடுத்த வளவுக்காரர். இருவருக்கும் பல வருசமாகக் கதைபேச்சு இல்லை. எல்லை வேலியை இஸ்மாலெவ்வை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்பது ஆதம்பாவாவின் கதை. வேலி வாப்பா காலத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது இஸ்மாலெவ்வையின் கதை. பெருநாளைக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை.

"மச்சான், என்னய மன்னிச்சிரு. நான்தான் வேலியத் தள்ளிப் போட்ட. ஒரு முழம். உன்ட கத்தரி நல்லா வருதெண்டு எனக்குப் பொறாம. அந்த ஒரு முழத்தயும் உன்ட புள்ளயளுக்கே குடுத்திட்டன். இஞ்ச நிக்கிற எல்லாரும் சாட்சி."

அவர் பிடித்திருந்தது என் முழங்கால். அதை இழுத்துக்கொள்வதா, மன்னித்தேன் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் முதலாளி, ஓதுகிற சபையில் இருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில்தான் ஆதம்பாவா வயலிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்திருக்கிறார். கால் முழுக்கச் சேறு, தோளில் மண்வெட்டி. தன் வளவுக்குள் இவ்வளவு சனம் நிற்பதைக் கண்டு, ஓரத்தில் நின்ற ஒருவரிடம் யார் மௌத்து என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் திரும்பிப் பார்க்காமலே, நம்மட ஆதம்பாவா காக்கா என்று சொல்லியிருக்கிறார். ஆதம்பாவாவும், வேறு யாரோ ஓர் ஆதம்பாவா என்று நினைத்து, இன்னாலில்லாஹி என்று சொல்லிவிட்டு மையத்தைப் பார்க்க வேனுக்குக் கிட்ட வந்தார். வரும்போது வேலிக் கதையும் அவர் காதில் விழுந்தது.

முதலில் அவரைக் கண்டது நான்தான். இஸ்மாலெவ்வையின் தலைக்கு மேலால் அந்தக் கறுத்த முகம் தெரிந்தது. பிறகு பக்கத்தில் நின்றவர்கள் கண்டார்கள். அழுகை வரிசையாக நின்றது, ஒரு பக்கத்தில் தொடங்கி மற்றப் பக்கம்வரை. கடைசியாகத் திரும்பிப் பார்த்தவர் இஸ்மாலெவ்வை.

அவர் என் முழங்காலை விட்டார். ஆதம்பாவாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உண்மையாகவே வந்தது, நான் கண்டேன். அடுத்த கணம் அது போய்விட்டது.

"அப்ப நான் சொன்னது செல்லாது" என்றார். "மௌத்தாப் போன ஆளுக்குச் சொன்ன கத அது."

வளவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் செல்லும் என்றது. மறுபக்கம், பிழையான செய்தியை நம்பிச் சொன்னது, செல்லாது என்றது.  ஆதம்பாவா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி நிலத்தில் ஊன்றினார். எனக்கு அந்த மண்வெட்டியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சற்று முன்னர் மயிரிழையில் மௌத்திலிருந்து தப்பின மனிதன், இன்னொரு மௌத்துக்குக் காரணமாகிவிடுவாரோ என்று பயந்தேன். கபுறு வேறு தயாராக இருந்தது.

அப்போதுதான் முதலாளி வேனிலிருந்து இறங்கினார். சாரனைச் சரி செய்தார். தொப்பியைச் சரி செய்தார். இஸ்மாலெவ்வைக்கு முன்னால் போய் நின்று, காசு மேசையில் கணக்குக் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"நீங்க அந்த ஒரு முழத்த ஆருக்குக் குடுத்த?"

"அவன்ட புள்ளயளுக்கு."

"உங்கட மருமக்களுக்கு."

"ஓம்."

"அந்தப் புள்ளயள் ஹயாத்தோட, உசிரோட இரிக்காங்களா?"

"அல்லாட காவலால இரிக்காங்க."

"அப்ப இதுல என்ன மாறின?"

 ஆதம்பாவாவின் மூன்று பெண் பிள்ளைகளும் கதவடியில் நின்றார்கள். அவர்களில் சின்னவள், மாமா அழுததைக் கண்டு அழுது, அழுத முகம் காயாமல் நின்றாள். இஸ்மாலெவ்வை அவளைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைகளுக்குத்தானே போகும். மச்சானுக்கு ஒரு முழம் கொடுப்பது தோல்வி. மருமகளுக்குக் கொடுப்பது மாமனுக்கு அழகு. அவர் அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"புள்ளயளுக்கெண்டா சரி" என்றார். "இவனுக்கில்ல."

ஆதம்பாவா மண்வெட்டியை வேலியில் சாத்தினார். "எனக்கு வேணாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். பல வருசத்துக்குப் பிறகு அவர் மச்சானோடு கதைத்த முதல் கதை அதுதான். உள்ளே இருந்து வந்த கதீசா ராத்தா புருசனை மேலும் கீழும் பார்த்து, இவ்வளவு நேரமும் எங்க போன, இந்தச் சனத்துக்கு நான் ஒருத்தி எத்தன தேத்தண்ணி ஊத்துற என்று ஏசினா. வந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள். சந்தூக்கு பள்ளிக்குத் திரும்பிப் போனது. கபுறை மூடப் போனவர்கள், வெட்டினபோது இருந்ததைவிடச் சந்தோசமாகப் போனார்கள்.

எங்கள் வில்லங்கம் முடியவில்லை. கத்தரிக்காய் தருகிறேன், இனிப் பேரைத் தரமாட்டேன் என்று ஆதம்பாவா முதலாளியிடம் சொல்லிவிட்டார். அவர் பேரைத் திருப்பி எடுத்தால் மீராலெவ்வையும் எடுப்பார், பூமணி அக்கா பாண்டிருப்பையும் எடுப்பா. எதிர்க்கடையின் கசெட் றேடியோ வென்றுவிடும். முதலாளி அத்தனை பேருக்கு முன்னாலும் ஆதம்பாவாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைக் கேட்க வைத்தார். என்னை 'நீங்க' என்று சொல்லியே கேட்க வைத்தார்.

 பேரைச் சொல்லுங்கள், ஆனால் முடிந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது என்றார் ஆதம்பாவா. அப்படியென்றால் கறி தீர்ந்தால் என்ன சொல்வது என்று நான் கேட்டேன்.

"நாளைக்கு வருவாரெண்டு சொல்லு. நான் வாறன்தானே."

அன்றிலிருந்து எங்கள் ஹோட்டலில் எந்தக் கறியும் முடியவில்லை. ஆதம்பாவா நாளைக்கு வருவார், மீராலெவ்வை நாளைக்கு வருவார், பாண்டிருப்பு நாளைக்கு வருவா. மாட்டிறைச்சி தீர்ந்தபோதும் பாறூக் பழக்கத்தில் மாடு நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டான். முதலாளிக்குத்தான் பாடு. இன்னாலில்லாஹி வாய்வரைக்கும் வந்துவிடும். இருமி விழுங்குவார். அவருக்கு ஏதோ நெஞ்சு வருத்தம் என்று ஊரில் கதை பரவியது.

அந்தக் கதை நடந்த பிறகு ஆதம்பாவா கல்முனை முழுக்கப் பிரபலமாகிவிட்டார். மௌத்தாகித் திரும்பி வந்த ஆளைக் காண வேண்டுமென்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். சனிக்கிழமை மேசை போதவில்லை. அப்படியென்றால் தோட்டத்தையே போய்ப் பாருங்கள் என்று முதலாளி சொன்னார். ஒரு விடுமுறை நாளில் சாப்பாட்டுக்காரர்கள் கொஞ்சப் பேரை பஸ்ஸில் ஏற்றி நிந்தவூருக்கு அனுப்பினார். கூட்டிப் போனது நான். கத்தரிக்காய் தின்ற கிளாக்கரும் வந்தார்.

பார்க்க வந்தவர்களை ஆதம்பாவா பார்த்துக்கொண்டு நிற்க விடவில்லை. ஆளுக்கொரு வரிசை பிரித்துக் களை பிடுங்க விட்டுவிட்டார். கிளாக்கர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து பிடுங்கினார். பிடுங்கினதில் பாதி கத்தரி நாற்று. ஆதம்பாவா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றதும் மிச்சத்தைச் சரியாகப் பிடுங்கினார். தான் தின்கிறது எந்த மரத்தில் காய்க்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டதாக ஒருவர் சொன்னார். அது மரமல்ல, செடி என்று இன்னொருவர் திருத்தினார். வெயில் ஏறியதும் எல்லோருக்கும் சோறு வந்தது. தாங்கள் களை பிடுங்கின வரிசையிலிருந்து ஆய்ந்த காயா என்று கேட்டுக் கேட்டுத் தின்றார்கள்.

பழைய எல்லை வேலி அங்கே இல்லை. புது வேலி ஒரு முழம் அந்தப் பக்கம் நின்றது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இஸ்மாலெவ்வை நின்றார். வந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இந்தத் துண்டு நான் மருமக்களுக்குக் கொடுத்தது என்று காட்டினார். முதலில் வந்தவரிடம் ஒரு முழம் என்றார். சாப்பாட்டுக்கு முன்னர் அது இரண்டு முழமாகியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த மாமரம்வரைக்கும் என்னுடையதுதான், பிள்ளைகள் என்று விட்டுக் கொடுத்தேன் என்று கிளாக்கரிடம் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மாமரம் ஆதம்பாவா தன் கையால் வைத்தது. ஆதம்பாவா அதைக் கேட்டுக்கொண்டு களையைக் குவித்தார். 

இஸ்மாலெவ்வையைத் திருத்தவில்லையா என்று நான் கதீசா ராத்தாவிடம் கேட்டேன். அவ பீங்கான்களை அடுக்கியபடி வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தா.

"நீங்க இன்னும் ரெண்டு பஸ் ஆக்களக் கொண்டுவாங்க தம்பி" என்றா. "காக்கா முழு வளவயும் எங்களுக்குத் தந்திருவாரு."